பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக நாம் புகார் கொடுக்கலாமா? போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு

எங்கள் காம்பவுண்டில் ஏழு வீடுகள், ஒரே குழாயடி. ஒரு கோடை விடுமுறையில், தண்ணீர் பிடித்து முடித்த கையோடு கடைசி வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாடி அறைக்குப் புதிதாக வந்தவரைப் பற்றித்தான் பேச்சு. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஒன்பது வயது. அவளுடைய அம்மா துணிக்கடையில் வேலை பார்க்கிறார், வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். இத்தனை பிள்ளைகள் இருக்க, அந்த ஆள் அவளுக்கு மட்டும் தின்பண்டம் வாங்கித் தருகிறார், தன் போனைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைக்கிறார். "அம்மாகிட்ட சொல்லக் கூடாது" என்று அவர் சொன்னதை அக்கா காதாரக் கேட்டிருக்கிறார். இப்போது அந்தப் பிள்ளை மாடிப்படிப் பக்கமே போவதில்லை. மொட்டைமாடியில் காயும் துணியை எடுத்து வரச் சொன்னால் அழுகிறாள்.

"நான் கண்ணால பார்த்தது ஒண்ணுமில்ல தம்பி, சந்தேகம்தான். சந்தேகத்த வெச்சு போலீசுக்குப் போக முடியுமா? அந்தக் குடும்பத்துக்கு நாம யாரு?"

(அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அக்கா கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் சட்டத்தில் நேரடியான பதில் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாததால்தான் எவ்வளவோ விஷயங்கள் குழாயடிப் பேச்சோடு நின்றுபோகின்றன.

போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012-இல் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிரம்பாத எல்லோரும், ஆணோ பெண்ணோ, இதன்படி குழந்தைகள்தான். இதன் 19-ஆவது பிரிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். குற்றம் நடந்துவிட்டது என்று தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிற யாரும் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது அது. பெற்றோர், உறவினர் என்றெல்லாம் பிரிக்காமல் 'எந்த நபரும்' என்று சொல்கிறது. ஆக, பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தக் கடமை உண்டு. ஆதாரம் திரட்டுவது காவல்துறையின் வேலை.

நடந்த குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இந்தத் தண்டனை நடந்த குற்றத்தை மறைப்பவருக்குத்தான், வெறும் அச்சத்தைச் சொல்லாமல் விட்டவருக்கு இல்லை. இருந்தாலும், நடந்து முடியட்டும் என்று யார் காத்திருப்பார்கள்?

பலரைத் தடுப்பது வேறொரு பயம். தவறாகப் போய்விட்டால் நம் மேலேயே கேஸ் திரும்புமோ என்று நினைக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது சிவில் வழக்கும் கிரிமினல் வழக்கும் கிடையாது என்று அதே 19-ஆவது பிரிவின் ஏழாவது உட்பிரிவு சொல்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்பது உண்மைதான். ஆனால் 22-ஆவது பிரிவு குறிவைப்பது, ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ பணம் பறிக்கவோ பெயரைக் கெடுக்கவோ மட்டுமே பொய் சொல்கிறவரை. கேட்டதைக் கேட்டபடி, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் அக்காவுக்கு அதனால் ஆபத்து இல்லை.

'தொட்டால்தானே குற்றம்' என்ற நினைப்பும் தவறு. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை விடாமல் பின்தொடர்வது, நோட்டமிடுவது, நேரிலோ போன் வழியாகவோ ஓயாமல் தொடர்புகொள்வது, ஆபாசப் படம் காட்டுவது எல்லாம் 11-ஆவது பிரிவின்படி பாலியல் துன்புறுத்தல். மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தவறான தொடுகைக்குக் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு. பிள்ளை 12 வயதுக்குக் குறைந்தவர் என்றால் அது ஐந்து ஆண்டாகிறது.

அந்த ஆள் மீது பழைய வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இருப்பதுபோலப் பொதுமக்கள் பார்க்கும் பட்டியல் இங்கே இல்லை. 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது, ஆனால் அதைக் காவல்துறை போன்ற விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம். பட்டியல் கைக்கு வந்தாலும் அதை வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில், போக்சோ வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறார்.

சரி, எங்கே சொல்வது? எளிய வழி 1098. குழந்தைகளுக்கான உதவி எண் இது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. எந்தச் சட்டப் பிரிவு என்றெல்லாம் நீங்கள் சொல்லத் தேவையில்லை. பிள்ளையின் வயது, இருக்கும் இடம், என்ன பார்த்தீர்கள், எப்போது என்பது போதும். உடனடி ஆபத்து என்றால் 112. நேரில் போவதானால் எந்தக் காவல் நிலையமும் சரிதான், நடைமுறையில் அனைத்து மகளிர் காவல் நிலையம் நல்லது. தகவலை எழுத்தில் பதிந்து, பதிவு எண் போட்டு, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். தகவல் வாங்கும் அதிகாரி தன் பெயர், பதவி, தொலைபேசி எண்ணோடு தன் மேலதிகாரியின் விவரத்தையும் தர வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன. கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். "எங்க எல்லைக்குள்ள வராது" என்று திருப்பி அனுப்ப முடியாது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதி அனுப்பலாம். பதியாத காவலருக்கும் அதே 21-ஆவது பிரிவில் தண்டனை உண்டு.

அதற்கு முன்பு செய்ய வேண்டியது, பிள்ளையின் அம்மாவிடம் பேசுவது. (வீட்டுக்குள் இருப்பவர் மீதே சந்தேகம் என்றால் அது வேண்டாம், நேராக 1098தான்.) எங்கள் அக்கா அன்று இரவு ஒன்பதரைக்குத் தோசை மாவு கொடுக்கிற சாக்கில் எதிர்வீட்டுக்குப் போனார். பிள்ளை தூங்கியிருந்தாள். "தப்பா நினைக்காதம்மா, நான் கேட்டத மட்டும் சொல்றேன்" என்று தொடங்கி, தேதியோடு மூன்று விஷயங்களைச் சொன்னார். அந்த ஆள் இப்படிப்பட்டவன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது. அப்புறம் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் கடைக்குப் போகாம எப்படிக்கா இருக்கறது?" என்று கேட்டார். மறுநாள் முதல் மாலையில் அந்தப் பிள்ளை அக்கா வீட்டில் இருப்பது என்று முடிவானது. 1098-க்கு இருவரும் சேர்ந்தே பேசினார்கள். அதற்குப் பிறகு நடந்தது அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம், இங்கே எழுதமாட்டேன்.

பிள்ளையைக் குடைந்து குடைந்து கேட்காதீர்கள். ஆளாளுக்குக் கேட்டால் அவள் சொல்வதில் நம் வார்த்தைகள் கலந்துவிடும், நாளைக்கு நீதிமன்றத்தில் அதுவே எதிர்த்தரப்புக்கு ஆயுதமாகும். தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேட்டு, "உன் மேல தப்பே இல்ல கண்ணு" என்று சொன்னால் போதும். அவள் சொன்ன சொற்களை அப்படியே குறித்துவையுங்கள். உடலில் காயமோ தொடுகையோ என்றால் உடனே ஆஸ்பத்திரி. எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவரும் சொல்லக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளி, குடும்பம் என அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடுவது 23-ஆவது பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆள் சேர்ந்து அடிப்பதும் வழக்கைக் கெடுக்கும். வீட்டு ஓனரிடம் சொல்லிக் காலி செய்ய வைப்பதோடு நிறுத்துவதையும் நான் ஏற்கமாட்டேன். அவர் போகும் அடுத்த தெருவிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வழக்கு பதிவானால் பிள்ளையை ஸ்டேஷனுக்கு அலைக்கழிக்க மாட்டார்களா என்ற கவலை எல்லாப் பெற்றோருக்கும் வரும். பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், இயன்றவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல். அம்மாவோ அவள் நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் நிலையத்தில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் காவல்துறை தெரிவிக்க வேண்டும். கூடவே இருந்து உதவ ஓர் ஆதரவு நபரை அந்தக் குழு நியமிக்கலாம். அம்மா வேலைக்குப் போக முடியாமல் வீட்டுச் செலவு நின்றுபோனால், உணவு, உடை, போக்குவரத்துக்கு உடனடி உதவித்தொகையையும் அந்தக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்பது விதி. கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள், கேளுங்கள்.

ஒரே காம்பவுண்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம் முக்கியம். கைதானவர் ஜாமீனில் வந்தாரா, உள்ளே இருக்கிறாரா என்பதைப் பிள்ளையின் குடும்பத்துக்குக் காவல்துறை தெரியப்படுத்த வேண்டும் என்றும் அதே 2020 விதிகளில் இருக்கிறது. புகார் கொடுக்கும் அன்றே அந்த அதிகாரியின் எண்ணைப் பிள்ளையின் அம்மா போனில் பதிந்துகொடுங்கள். ஒரு காகிதத்திலும் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.