ஓரக்கண் எப்படி மாட்டிக்கொள்கிறது?

தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் வழியில், ஆள் நடமாட்டம் இல்லாத மணலாகப் பார்த்துக் கொஞ்ச நேரம் அசையாமல் உட்காருங்கள். உங்கள் காலடி அதிர்வில் வளைக்குள் ஓடிய நண்டு திரும்பி வரும். உடம்பு உடனே வராது. மிளகு போல இரண்டு கண்கள், காம்போடு, வளையின் வாய்க்கு மேலே நிமிரும். சற்று நின்று பார்க்கும். அப்புறம்தான் கால் வெளியே வரும்.

ஆங்கிலத்தில் இதற்குப் பொருத்தமான சொல் 'பீக்'. சட்டென்று, கொஞ்சமாக, பெரும்பாலும் மறைவில் இருந்து பார்ப்பது. கதவிடுக்கில் குழந்தை பார்ப்பதும், பரிசுப் பொட்டலத்தின் ஓரத்தைப் பிரித்துப் பார்ப்பதும் பீக். 'கிளான்ஸ்' என்பதும் விரைவான பார்வைதான், ஆனால் அதில் ஒளிவு இருக்க வேண்டியதில்லை. 'டேக் எ பீக்' என்றால் ஒருதரம் எட்டிப் பார் என்று பொருள். சினிமாக்காரர்களின் 'ஸ்னீக் பீக்' நமக்குப் பழகிவிட்டது. மலை உச்சியைச் சொல்லும் சொல்லும் ஒலியில் இதுவேதான், எழுத்துதான் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

நம்மிடம் 'எட்டிப் பார்' உண்டு, 'ஓரக்கண்' உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மனிதக் கண்ணின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

நண்டு நின்ற இடத்திலேயே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நம்மால் முடியாது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகம் மறைக்கும் இடம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் நமக்குத் துல்லியமாகத் தெரிகிற பரப்பு. மீதியெல்லாம் மங்கல். இந்த வரியில் ஒரு சொல்லில் கண்ணை நிறுத்திவிட்டு, நான்கு சொல் தள்ளி இருப்பதைப் படிக்க முயன்று பாருங்கள், புரிந்துவிடும். விழித்திரையின் நடுவில் உள்ள சின்னக் குழியில்தான் நுணுக்கம் பார்க்கும் கூம்புச் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் எதைப் பார்க்க வேண்டுமானாலும் ஒவ்வொரு கண்ணிலும் உள்ள ஆறு தசைகள் விழியை அந்தப் பக்கம் திருப்பியாக வேண்டும்.

திருப்பினால் வெள்ளை தெரியும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். 1997இல் கோபயாஷி, கோஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் பல குரங்கினங்களின் கண்களை நம் கண்ணோடு ஒப்பிட்டார்கள். வெள்ளையாக, இவ்வளவு அகலமாக வெளியே தெரியும் வெண்விழி மனிதருக்கு இருப்பதைக் காட்டினார்கள். பெரும்பாலான குரங்குகளுக்கு அந்த இடம் பழுப்பாக இருப்பதால் பார்வை போகும் திசை எளிதில் பிடிபடாது. சேர்ந்து வேலை செய்யும் இனத்துக்கு ஒருவர் பார்வை இன்னொருவருக்குத் தெரிவது நல்லது, அதனால்தான் நம் கண் இப்படி ஆனது என்று ஒரு கருத்து உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பாம்பன் கரையில் மீன் ஏலத்தை வேடிக்கை பார்த்தால் இது கண்கூடு. வாங்க வந்தவர் ஆர்வத்தைக் காட்டாமல் கடலைப் பார்த்து நிற்பார். விழி மட்டும் ஒரு கணம் கூடைக்குப் போய்வரும். "அண்ணே, ஓரக்கண்ணால பாத்தது போதும், வெலயச் சொல்லுங்க" என்பார் கூடைக்காரப் பெண். முகம் திரும்பவே இல்லை, வெள்ளை காட்டிக்கொடுத்துவிட்டது.

ஓரப் பார்வையை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். மங்கிய ஒளியை உணரும் குச்சிச் செல்கள் அந்த நடுக்குழியில் இல்லை, அதைச் சுற்றித்தான் நிறைந்திருக்கின்றன. நிலவில்லாத இரவில் அதே தனுஷ்கோடி மணலில் நின்று மிக மங்கலான ஒரு நட்சத்திரத்தை நேராகப் பாருங்கள். காணாமல் போகும். பார்வையைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்துங்கள். அங்கேயே இருக்கும்.