போர் தண்ணீரும் குட்டைத் தண்ணீரும்: எவ்வளவுக்கு எவ்வளவு கலக்கலாம்?

போர் தண்ணீர் உப்பாக இருந்தால், பண்ணைக்குட்டைத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து தக்காளிக்கு விடுவார்கள். அந்தப் பாதி போதுமா என்று இசி மீட்டர்தான் சொல்லும். இசி என்பது தண்ணீரின் மின்கடத்துதிறன், உப்பு கூடினால் அதுவும் கூடும்.

ஒவ்வொரு தண்ணீரின் இசியையும் அதன் லிட்டரால் பெருக்கி, இரண்டையும் கூட்டி, மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். போர் 4.2, குட்டை 0.6 (இசியின் அலகு: மீட்டருக்கு டெசிசீமன்ஸ்) என்றால் பாதிக்குப் பாதியில் 2.4 வரும். பாசன நீர் 1.7 வரை இருந்தால்தான் தக்காளி மகசூல் குறையாது, 2.3-லேயே சுமார் 10 சதவீதம் போய்விடும்.

விகிதம் வேண்டுமா? போரின் இசியில் 1.7-ஐக் கழித்தால் 2.5, அதே 4.2-இல் குட்டையின் இசியைக் கழித்தால் 3.6. 2.5-ஐ 3.6-ஆல் வகுத்தால் 0.69, அதுதான் குட்டைத் தண்ணீரின் பங்கு. ஆக, 10,000 லிட்டர் தொட்டிக்குக் குட்டை 7,000, போர் 3,000, இசி 1.68.

போரே 8 காட்டினால் குட்டைத் தண்ணீர் 85 சதவீதம் தேவைப்படும். அதற்குக் கலக்காமலே இருக்கலாம். நல்ல தண்ணீரைக் கெடுத்ததுதான் மிச்சமாகும்.

கணக்கு சரியாக இருந்தும் தொட்டியில் தப்பும். உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். சொட்டுநீர்க் குழாயும் அடியிலிருந்துதான் உறிஞ்சும். எனவே முதலில் குட்டைத் தண்ணீரை நிரப்பி, போர் தண்ணீரை மேலிருந்து விழவிட்டு, மோட்டாரால் கொஞ்ச நேரம் சுழற்றிவிடுங்கள். மேல்மட்டத்திலும் அடியிலும் இசியை அளந்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகு வால்வைத் திறக்கலாம். இரண்டு மோட்டாரை ஒரே குழாயில் இணைத்தவர்கள், இரண்டும் ஓடும்போதே ஓட்டத்தை அளக்க வேண்டும். தனித்தனியாக ஓட்டிப் பார்த்த அளவு சேர்ந்து ஓடும்போது நிற்காது.

பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு உப்பு) காட்டும் பேனா மீட்டர்களில் இன்னொரு குழப்பம். ஒரே தண்ணீருக்கு ஒன்று 500 காட்டும், மற்றொன்று 700 காட்டும். இசியைப் பிபிஎம்மாக மாற்ற உள்ளே இருக்கும் பெருக்கெண் வேறு. இரண்டு தண்ணீரையும் ஒரே மீட்டரில், இசியாகவே அளங்கள். போரை 15 நிமிடம் ஓடவிட்டு மாதிரி எடுங்கள்.

கடல்நீர் புகுந்த கிணறுகளில் இந்தச் சராசரி கொஞ்சம் குறைத்தே சொல்லும். சுமார் 53 இசி உள்ள கடல்நீரை உப்பில்லாத நீரால் பத்து மடங்காக்கினால் 5.3 வராது, 6.4-ஐ ஒட்டி வரும். பிஎச்சுக்கு (அமில, காரத் தன்மையின் அளவு) இந்தச் சராசரி அறவே செல்லாது.

முதல்முறை கலக்கும் முன் அதே விகிதத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கலந்து ஒரு நாள் வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்தால், அதேதான் சொட்டுவானையும் அடைக்கும்.