செடி வைத்த மீன் தொட்டியில் கப்பி: நிறம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

கப்பி மீன் வளர்க்கும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். வாங்கும்போது நீலமும் சிவப்புமாக மின்னிய மீன்கள் குட்டி போட்டன. அந்தக் குட்டிகளும் வளர்ந்து குட்டி போட்டன. ஆனால் மூன்றாம் நான்காம் தலைமுறைக்கு வரும்போது வால் சிறுத்து, நிறம் வெளுத்து, முதலில் வாங்கிய மீனுக்குச் சொந்தமே இல்லாதது மாதிரி ஆகிவிடுகின்றன. தண்ணீர் சரியில்லையா, தீனி போதவில்லையா, இல்லை இனமே அப்படித்தானா? மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இந்த மீன்களைக் குட்டி போட வைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்தால் போதும். நிறத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவதுதான் வேலை. அதற்கு மீனின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

குட்டி போடும் வண்ண மீன்களில் நாம் அதிகம் வளர்ப்பவை கப்பி, எண்ட்லர், மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை. எல்லாம் ஒரே குடும்பம். கப்பியின் தாயகம் டிரினிடாட் தீவும் அதற்கு எதிரே உள்ள தென் அமெரிக்கக் கரையும். எண்ட்லர் வெனிசுவேலாவைச் சேர்ந்தது. பிளாட்டியும் வாள்வாலும் மெக்சிகோவிலும் அதற்குத் தெற்கே உள்ள நடு அமெரிக்க நாடுகளிலும் வாழ்பவை.

பெரும்பாலான மீன்களில் முட்டையும் விந்தும் உடலுக்கு வெளியே, தண்ணீரில்தான் சேர்கின்றன. இந்தக் குடும்பத்தில் அப்படியில்லை. ஆண் குஞ்சு பருவமடையும்போது அதன் குதத் துடுப்பு உருமாறுகிறது. விசிறி போல விரிந்திருந்த துடுப்பில் 3, 4, 5 ஆம் முட்கள் நீண்டு தடித்து ஒரு குச்சியாகின்றன. விந்தணுக்களைப் பொட்டலமாகப் பெண்ணின் உடலுக்குள் செலுத்துவது இந்தக் குச்சிதான். கரு வளர்வதும் தாயின் உடலுக்குள்ளேயே. ஆனாலும் பாலூட்டிகளில் போலத் தாய் உணவு ஊட்டுவதில்லை. கப்பியின் கருவுக்குப் பெரும்பாலான உணவு முட்டையின் மஞ்சள் கருவிலேயே இருக்கிறது. தாயிடமிருந்து முக்கியமாகக் கிடைப்பவை ஆக்சிஜனும் பாதுகாப்பும். தண்ணீர் 24 முதல் 26 டிகிரி வரை இருந்தால் ஏறத்தாழ 4 வாரத்தில் குட்டிகள் வெளியே வரும். குளிர்ந்தால் நாள் கூடும். பிரசவம் நெருங்க நெருங்கப் பெண்ணின் வயிற்றடியில் இருக்கும் கரும்புள்ளி பெரிதாகும், வயிறு பக்கவாட்டில் சதுரமாகத் தெரியும்.

நிறம் தொலைவதன் முதல் காரணம் இங்கேயே இருக்கிறது. பெண் கப்பி வாங்கிய விந்தை ஒரே தடவையில் செலவழித்துவிடுவதில்லை. சூலகத்தின் மடிப்புகளில் அதைச் சேமித்து வைத்து, பல மாதங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஈற்றுகளுக்குப் பயன்படுத்துகிறது. டிரினிடாட் ஓடைகளில் மரபணு முறையில் தந்தையைக் கண்டறிந்து பார்த்தபோது, செத்துப் பல மாதமான ஆண் மீன்களுக்கும் புதிதாகக் குட்டிகள் பிறந்துகொண்டிருந்தன. போதாததற்கு, ஒரே ஈற்றில் பல தந்தைகளின் குட்டிகள் கலந்திருக்கலாம். அப்படியானால் பல வகைக் கப்பிகள் கலந்து நீந்தும் தொட்டியிலிருந்து ஒரு பெண்ணை வாங்கி, அதோடு உங்கள் மிகச்சிறந்த ஆணை விட்டாலும், பிறக்கும் குட்டிகள் யாருடையவை என்று சொல்ல முடியாது. குறிப்பிட்ட ஜோடியின் குட்டிகள்தான் வேண்டும் என்றால் ஆணே படாத பெண் வேண்டும். அதற்காகத்தான் குட்டிகளை 3, 4 வார வயதிலேயே ஆண் பெண் என்று பிரித்துவிடச் சொல்கிறார்கள். குதத் துடுப்பு முக்கோணமாகவே இருந்து வயிற்றடியில் கரும்புள்ளி தெரிந்தால் பெண். துடுப்பு குறுகிக் கூர்மையாகத் தொடங்கினால் உடனே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டிய ஆண்.

இரண்டாவது காரணம் மரபில் இருக்கிறது. கப்பியிலும் மனிதர்களைப் போல பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான்னஸ் ஷ்மிட் 1920 இல் ஒரு புள்ளியின் வழியைத் தொடர்ந்து பார்த்தார். ஆண் கப்பியின் முதுகுத் துடுப்பில் இருந்த அந்தக் கரும்புள்ளி தந்தையிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று ஆண் வழியாக மட்டுமே இறங்கியது. ஐரோப்பிய விலாங்கு மீன் முட்டையிடப் போகும் இடம் சர்காசோ கடல் என்று கண்டுபிடித்தவரும் இதே ஷ்மிட்தான். அவருக்குப் பின் அதே ஆய்வகத்தில் ஓய்விண்ட் விங்கே கப்பியின் பல நிறங்கள் ஒய் குரோமோசோமிலும், வேறு சில எக்ஸிலும் இருப்பதைக் காட்டினார். எண்ட்லர் மீனுக்கு 2005 இல் அறிவியல் பெயர் வைத்தபோது அவரது நினைவாகவே 'விங்கேய்' என்று வைத்தார்கள்.

வளர்ப்பவருக்கு இதனால் என்ன? எக்ஸில் உள்ள நிற மரபணுக்களைப் பெண்ணும் சுமக்கிறாள், ஆனால் வெளியே காட்டுவதில்லை. அவை வெளிப்பட ஆண் ஹார்மோன் தேவை. ஆய்வகத்தில் பெண் கப்பிக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, ஒளிந்திருந்த புள்ளிகளும் நிறங்களும் அவள் உடலில் வெளிப்பட்டன. ஆக, சாம்பல் நிறத்தில் நீந்தும் பெண்ணிடம் மகன்களின் நிறத்தில் பாதி இருக்கலாம், அது நம் கண்ணுக்குத் தெரியாது. அவளுடைய சகோதரர்களைப் பார்த்துதான் ஊகிக்க முடியும். அழகான ஆணைத் தேடித்தேடி எடுத்துவிட்டு, பெண்ணை மட்டும் கைக்கு வந்தபடி சேர்ப்பவர்கள்தான் அதிகம். பாதி வேலையை அங்கேயே விட்டுவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றும். இரண்டு வேறு வகைகள் கலந்தால், தலைமுறை தலைமுறையாக ஒரே மீனில் சேர்த்து வைத்த மரபணுக்கள் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டது போலப் பிரிந்துவிடும். பேரன்களில் ஒன்றுக்கு வால் வரும், இன்னொன்றுக்கு நிறம் வரும், இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம்.

ஒரு புதிர் இன்னும் மிச்சமிருக்கிறது. இயற்கையில் நடப்பது இதற்கு நேர்மாறு. உயிரியலாளர் ஜான் எண்ட்லர் டிரினிடாட்டின் மலை ஓடைகளில் பார்த்தது இது: அருவிக்குக் கீழே, கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள் உள்ள இடங்களில் ஆண்கள் மங்கலாக இருந்தன. அந்த மீன்கள் ஏற முடியாத அருவிக்கு மேலே ஆண்கள் பளிச்சென்று இருந்தன. அவர் கீழ்ப்பகுதிக் கப்பிகளை, பெரிய எதிரிகள் இல்லாத ஓர் ஓடையில் 1976 இல் விட்டார். ஏறக்குறைய இரண்டே ஆண்டில் அவற்றின் வழித்தோன்றல்களுக்குப் புள்ளிகள் பெருத்து நிறம் ஏறியிருந்தது. 1980 இல் அவர் வெளியிட்ட இந்த ஆய்வு, பரிணாமம் நம் கண்ணெதிரே நடப்பதற்கான சிறந்த சான்றுகளில் ஒன்று. எதிரி இல்லாத இடத்தில் பெண்களின் தேர்வுதான் நிறத்தை முடிவு செய்கிறது.

அப்படியென்றால் எதிரியே இல்லாத வீட்டுத் தொட்டியில் நிறம் ஏறத்தானே வேண்டும்? தொட்டியிலும் தேர்வு நடக்கிறது, ஆனால் நமக்கு வேண்டியது தேர்வாவதில்லை. பெண் கப்பி விரும்புவது ஆரஞ்சுப் புள்ளிகளை. அதைவிட, இதுவரை பார்த்திராத அபூர்வமான கோலத்தை. நாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நினைக்க, அவள் வித்தியாசமானதைத் தேடுகிறாள். தவிர, அகன்ற நீண்ட வால் நீந்துவதற்குச் சுமை. சிறிய வால் கொண்ட ஆண் வேகமாகத் துரத்தி, பெண்ணின் சம்மதத்துக்குக் காத்திருக்காமலே காரியத்தை முடித்துவிடும். சீக்கிரம் பருவமடையும் ஆணின் வளர்ச்சி அத்தோடு ஏறக்குறைய நின்றுவிடுவதால் அது சிறிதாகவே இருக்கும், ஆனால் அண்ணன் தம்பிகளுக்கு முன்பே தந்தையாகிவிடும். நாம் தலையிடாமல் விட்டால் ஒவ்வொரு தலைமுறையிலும் இப்படிப்பட்ட ஆண்களின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

சரி, மரபு நன்றாக இருந்தும் நிறம் வெளுக்கிறதே என்றால் நிறம் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். கறுப்பு மெலனின், அதை மீனே தயாரித்துக்கொள்ளும். நீலமும் பச்சையும் வெள்ளிப் பளபளப்பும் நிறமியே இல்லை. தோல் செல்களில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகத் தகடுகள் ஒளியைச் சிதறவிட்டு உண்டாக்கும் தோற்றம் அது. ஆரஞ்சில் இரண்டு நிறமிகள் கலந்திருக்கின்றன. டிரோசோப்டெரின் என்பதை மீன் தானே செய்துகொள்கிறது. கரோட்டினாய்டை அதனால் செய்ய முடியாது, உணவில் இருந்துதான் வர வேண்டும். ஓடையில் அதன் மூலம் பெரும்பாலும் பாசி. மரநிழல் குறைந்து வெயில் நன்றாக விழும் ஓடைகளில் பாசி அதிகம், அங்குள்ள கப்பிகளுக்குக் கரோட்டினாய்டும் அதிகம் கிடைக்கிறது. தொட்டியில் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி கலந்த தீனி இதே வேலையைச் செய்யும். இலைகளிலும் கற்களிலும் படியும் மெல்லிய பாசிப் படலத்தையும் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டாம்; முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும். நாள் முழுக்க அதைக் கொறித்துக்கொண்டிருப்பதுதான் இந்த மீன்களின் இயல்பு.

இன்னொரு விஷயம், தரை. வெள்ளைக் கற்களும் வெறும் தொட்டியும் இருந்தால் மீனின் நிற செல்களுக்குள் கறுப்புத் துகள்கள் நடுவில் ஒடுங்கி உடல் வெளுத்துத் தெரியும். பின்புலத்தோடு ஒத்துப்போகும் தற்காப்பு அது. கருமணலும் பச்சைச் செடியும் உள்ள தொட்டிக்கு மாற்றினால் அதே மீன் வேறு மீனாகத் தெரியும்.

செடிகளைப் பற்றிச் சொல்லும் முன் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் இடையே ஓர் இழுபறி இருக்கிறது. குட்டி போடும் மீன்களுக்குத் தாதுக்கள் நிறைந்த கடின நீர், கொஞ்சம் காரத்தன்மையோடு, பிஎச் 7 முதல் 8 வரை இருக்க வேண்டும். மென்னீரில் முதலில் அவதிப்படுவது மோலி. துடுப்பை மடக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நடுங்கியபடி நிற்கும். ஆனால் பிஎச் ஏறினால் அமோனியாவின் நச்சும் ஏறும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அமோனியம் அயனி அவ்வளவாகக் கெடுதல் செய்யாது, அமோனியா மூலக்கூறு செவுளைச் சேதப்படுத்தும். 25 டிகிரியில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்தத்தில் சுமார் அரை சதவீதம்தான் நச்சு வடிவம். பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தொடும், பத்து மடங்கு. அதனால் இந்த மீன்களுக்கு வடிகட்டியில் நுண்ணுயிரிகள் நன்றாக வளர்ந்திருப்பது ரொம்ப முக்கியம். அமோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுபவை அவை. புதுத் தொட்டியில் போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். செடிகள் இந்தச் சங்கிலிக்கு முன்பாகவே புகுந்து அமோனியத்தை நேரடியாக உறிஞ்சிக்கொள்கின்றன. வேகமாக வளரும் செடி அடர்ந்த தொட்டி பாதுகாப்பானது என்பதற்குக் காரணம் இதுதான்.

எல்லாச் செடியும் கடின நீருக்குப் பொருந்தாது. வாலிஸ்நேரியாவும் ஹார்ன்வொர்ட்டும் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்துபோனாலும் பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுக்கத் தெரிந்தவை, கார நீரில் செழித்து வளரும். ஜாவா மோஸ், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் மெதுவாக வளரும், ஆனால் எதையும் தாங்கும். இந்த மீன்களுக்காக அமைக்கும் தொட்டிக்குக் கார்பன் டை ஆக்சைடு உருளை தேவையில்லை என்பது என் கருத்து. விளக்கு நாளுக்கு 8 மணி நேரம் எரிந்தால் போதும். இரவில் செடிகளும் ஆக்சிஜனைச் செலவழிக்கும் என்பதால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரவிலும் ஓட வேண்டும். அதன் உறிஞ்சும் பரப்பு மென்மையானது, குட்டி சிக்காது.

குட்டி பிறந்ததும் முதலில் செய்வது மேலே போவது. நீர்ப்பரப்பில் காற்றை எடுத்து நீச்சல் பையை நிரப்பிக்கொள்ள வேண்டும். பெரிய மீன்கள் அவற்றைப் பிடித்துத் தின்பதும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். பெற்ற தாயும் விதிவிலக்கில்லை, சின்னதாக ஏதாவது அசைந்தால் அவளுக்கு அது இரைதான். அதனால் மறைவிடம் மேற்பரப்பில் இருக்க வேண்டும். மிதக்கவிட்ட ஹார்ன்வொர்ட் கற்றை அதற்கு மிகவும் ஏற்றது. கீழே ஒரு பிடி மோஸ் இருந்தால், அதில் வாழும் நுண்ணுயிர்களையும் பாசியையும் மேய்ந்தே குட்டிகள் முதல் சில நாட்களைக் கழித்துவிடும். சினை மீனைச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைப்பதை நான் சொல்ல மாட்டேன். நீரோட்டம் போதாமல், இடம் போதாமல் தாய் மிரண்டுவிடும். அப்புறம் தீனி. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சுகளை மிஞ்ச எதுவும் இல்லை. அது கிடைக்காவிட்டால் நன்றாகப் பொடித்த தீனியை நாளுக்கு மூன்று நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் வளர்ச்சி வேகமாக இருக்கும்.

ஒரு வகையை மட்டும் தூய்மையாகக் காக்க நினைப்பவர் ஒரு நல்ல ஆணுக்கு ஆண் படாத இரண்டு மூன்று சகோதரிப் பெண்களைச் சேர்த்துத் தொடங்கலாம். நாலைந்து தலைமுறை உடன்பிறப்புகளுக்குள்ளேயே போனால் குட்டி எண்ணிக்கையும் உடல் வலுவும் குறையத் தொடங்கும். அதற்காகவே அனுபவசாலிகள் ஒரே வகையில் இரண்டு வழிகளைத் தனித்தனித் தொட்டிகளில் நடத்தி, அவ்வப்போது ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள். பிளாட்டியையும் வாள்வாலையும் மட்டும் கலக்கவே வேண்டாம். கரும்புள்ளியுள்ள பிளாட்டியை வாள்வாலோடு சேர்த்து, பிறந்ததை மறுபடி வாள்வாலோடு சேர்த்தால், புள்ளியைக் கட்டுக்குள் வைத்திருந்த மரபணு விலகி, குட்டிகளில் சிலவற்றுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வரும். 1920 களின் கடைசியில் மைரன் கார்டனும் கர்ட் காஸ்விக்கும் தனித்தனியாகக் கண்ட இந்த உண்மையைப் புற்றுநோய் ஆய்வகங்கள் இன்றும் தொடர்ந்து ஆராய்கின்றன.

இவ்வளவும் சரியாக அமைந்தால் வரும் பிரச்சினை இடம். ஒரு பெண் ஒரு ஈற்றில் 20 முதல் 50 குட்டிகள் வரை போடும், அடுத்த மாதமே மறுபடி போடும். மிச்சத்தை இன்னொரு வளர்ப்பவருக்குக் கொடுக்கலாம், ஆண்களை மட்டும் தனித் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். குளத்திலோ ஓடையிலோ விட்டுவிடக் கூடாது. கொசுவை ஒழிக்க உலகின் பல இடங்களில் விடப்பட்ட கப்பி, அங்கங்கே இருந்த சிறு மீன்களின் குஞ்சுகளைத் தின்று, அவற்றின் இரையையும் பங்குபோட்டு நிலைத்துவிட்டது. ஒரு பெண் மீன் தப்பினாலும் போதும். சேமித்த விந்தோடு அது தனியாகவே ஒரு கூட்டத்தைத் தொடங்கிவிடும்.