குவிமீயொலி: யாருக்குக் கேளா ஒலி?

நாய்க்கோ பூனைக்கோ வந்த புற்றுநோயைப் பற்றித் தேடிப் படிக்கிறவர்கள் ‘ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்ட்’ என்ற சிகிச்சைப் பெயரில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அல்ட்ராசவுண்ட் என்றால் நமக்கு ஸ்கேன்தான்: பசையைத் தடவி, கருவியை நகர்த்தி, திரையில் படம் பார்ப்பது. படம் காட்டும் ஒலி கட்டியை எப்படி அழிக்கும்? விடை ‘ஃபோகஸ்’ என்ற முதல் பாதியில் இருக்கிறது. ஆனால் தமிழாக்கத்தில் வம்பு இரண்டாம் பாதியில். அதை முதலில் தீர்த்துவிடலாம்.

‘அல்ட்ரா’ லத்தீன் சொல். அப்பால், கடந்து என்று பொருள். மனிதக் காதுக்கு எட்டும் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள். அதைக் கடந்த ஒலிக்குச் சிலர் ‘கேளா ஒலி’ என்று எழுதுகிறார்கள். அழகான சொல்தான். ஆனால் இங்கே நோயாளி யார்? நாய்க்கு ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், பூனைக்கு 60,000-ஐயும் தாண்டிக் கேட்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் இதற்கென்று ஒரு விசில் செய்து விலங்குகளிடம் ஊதிப் பார்த்தார். நமக்குக் கேளாதது அவற்றுக்குக் கேட்கிறது. சிகிச்சைக்கான ஒலி பல லட்சம் ஹெர்ட்ஸில் தொடங்குவதால் பூனைக்கும் அது கேட்காதுதான். இருந்தாலும் பெயர் தப்பான அளவுகோலை நீட்டுகிறதே!

அல்ட்ராசவுண்டுக்கு வழங்கும் இன்னொரு சொல்லான ‘மீயொலி’க்கு அந்தச் சங்கடம் இல்லை. மீ என்றால் மேல், உச்சம். பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கில் இருக்கும் அதே மீ. கேட்குமா கேட்காதா என்ற பேச்சையே அது எடுப்பதில்லை. ஒலியை மிஞ்சும் விமான வேகத்தையும் சிலர் மீயொலி வேகம் என்பதால் கொஞ்சம் குழப்பம் வரும். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இதை ‘சூப்பர்சானிக்ஸ்’ என்றே எழுதினார்கள், அப்புறம்தான் பிரித்தார்கள்.

சரி, ஃபோகஸ். லத்தீனில் இதற்கு அடுப்பு, வீட்டின் தீ மூட்டுமிடம் என்று பொருள். 1604இல் வானியலாளர் கெப்ளர் இதை ஒளியியலுக்குக் கொண்டுவந்தார். லென்ஸ் வெயிலைக் கூட்டிச் சேர்க்கும் புள்ளியில் தீப்பற்றுமே, அந்த எண்ணமாக இருக்கலாம். மீயொலிக்கும் இது பொருந்துகிறது. ஒலி பல திசைகளிலிருந்து உடலுக்குள் போகிறது. வழியில் இருக்கும் தோலுக்கும் தசைக்கும் பெரிய சேதமில்லை. எல்லாம் கூடுகிற இடத்தில், கிட்டத்தட்ட ஓர் அரிசி மணி அளவில், வெப்பம் சில நொடிகளில் 60 பாகை செல்சியஸைத் தாண்டி அங்குள்ள செல்கள் வெந்துபோகின்றன. நிஜமாகவே ஓர் அடுப்பு! இப்படி ஒலியைக் குவிக்கும் முறையைப் பற்றி ஜான் லின் என்ற ஆய்வாளரின் குழு 1942இல் எழுதிய கட்டுரைத் தலைப்பிலேயே ‘ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்ட்’ என்ற சொற்சேர்க்கை இருக்கிறது.

தமிழில் ‘குவி’. நெல்லைக் குவிக்கிறோம், கை குவிக்கிறோம், மாலையில் தாமரை குவிகிறது. பரந்து கிடந்தது ஓரிடத்தில் கூடுவதுதான் இதன் கரு. ஆகவே ‘குவிமீயொலிச் சிகிச்சை’. ‘குவிந்த மீயொலி’யும் தவறில்லை, ஆனால் ஒலி தானாகக் குவிந்ததுபோல் ஒலிக்கிறது.

என்னைக் கேட்டால், இந்த இடத்தில் தமிழ்ச்சொல் மூலச்சொல்லை முந்திவிடுகிறது. காரணம் ‘ஹிஸ்டோடிரிப்சி’ என்ற பிந்தைய முறை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான இதில் வேகவைப்பதே இல்லை. மிகக் குறுகிய, மிக வலுவான ஒலித் துடிப்புகள், அவை கூடும் புள்ளியான குவியத்தில் நுண்குமிழ்களை எழுப்புகின்றன. அவை விரிந்து நொறுங்கும்போது செல்களும் கூழாகின்றன. நாய்களின் எலும்புப் புற்றில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். அந்த நோய்க்கு வழக்கமான வழி காலை வெட்டி எடுப்பது என்பதால் இதில் ஆர்வம் அதிகம். அடுப்பு அணைந்துவிட்டது, குவிதல் அப்படியே இருக்கிறது.

இந்த மீயொலிக்குக் காற்று ஆகாது. ரோமத்துக்குள் சிக்கிய காற்றே அதைத் தடுத்துவிடும் என்பதால் ரோமத்தை மழித்துப் பசை தடவுவார்கள். அசையாமலிருக்க மயக்க மருந்தும் உண்டு. நுரையீரலிலும் காற்றுதான் என்பதால் அங்கே பரவிய கட்டியை எட்டுவது கடினம்.

ஹிஸ்டோடிரிப்சிக்குத் தமிழ்? கிரேக்கத்தில் ‘ஹிஸ்டோஸ்’ என்றால் தறி, நெய்த துணி. நாம் ‘திசு’ என்று எழுதுவதும் நெய்ததைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்ததுதான். இலங்கைத் தமிழில் அதற்கு ‘இழையம்’, அதாவது இழையிலிருந்து பிறந்த சொல். மூன்றும் தறியடிக்கே போகின்றன. ‘டிரிப்சி’ தேய்ப்பது, அரைப்பது. சிறுநீரகக் கல்லை உடைக்கும் லித்தோடிரிப்சியில் இருப்பதும் இதுவே. அதைக் கல் நொறுக்கம் என்றால், இதை இழைய நொறுக்கம் என்றே எழுதலாம்.