ரூபாய்க்கு அரை அணா: கொங்கு நாட்டுச் சாலைகளுக்குப் பணம் வந்த வழி

ஆங்கிலேயர் காலத்தில் கொங்கு நாட்டில் போடப்பட்ட சாலைகளை, சர்க்கார் தன் கஜானாவைத் திறந்து கொடுத்த கொடையாகவே பலர் இன்றும் பேசுகிறார்கள். மலைப்பாதைகளுக்கும் படை செல்லும் வழிகளுக்கும் அது ஓரளவு பொருந்தலாம். ஜில்லாவுக்குள் ஊரையும் ஊரையும் இணைத்த சாலைகளுக்கோ, அந்த ஜில்லாவின் குடியானவர்கள் நிலத் தீர்வைக்கு மேல் தனியாக ஒரு வரி கட்டினார்கள்.

சேலமும் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதி) 1792இலும், கோயம்புத்தூர் 1799இலும் கும்பினியார் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார்) வசமாயின. அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் அதிகாரிகளின் கவனமெல்லாம் நில அளவையிலும் தீர்வை வசூலிலும் இருந்தது. சாலைக்கென்று நிலையான வருமானம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரி நோக்கி மலைப்பாதை வெட்டச் செய்தார் (நீலகிரி அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது). ஐரோப்பியர் உடல் தேறுவதற்கான மலைவாசத்துக்கு இப்படி வழி பிறந்த காலத்தில், தாராபுரத்துப் பருத்தி வண்டி பழைய தடத்திலேயே போய்க்கொண்டிருந்தது. முன்பு இங்கே வழிகளே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சுண்டக்காமுத்தூர் அருகே கல்வெட்டில் காணப்படும் ராஜகேசரிப் பெருவழியும், தர்மபுரிப் பக்கத்து அதியமான் பெருவழியும் அதற்குச் சான்று. கிராமத்துக்குள் இருபுறமும் வேலி அடைத்த இட்டேரிகள் இருந்தன. ஆனால் அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பைப் புதிய ஆட்சி ஏற்கவில்லை.

1852இல் சென்னை மாகாணப் பொதுப்பணிகளை ஆராய்ந்த குழு, சாலைகளின் நிலை மிகவும் மோசம் என்று அறிக்கை தந்தது. 1862இல் சென்னையிலிருந்து சேலம், ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை வரை இரயில் பாதை முழுமையானதும் தேவை இன்னும் கூர்மையாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியிருந்த ஆண்டுகள் அவை; சரக்கு ஸ்டேஷனுக்கு வந்து சேர வேண்டுமே!

இந்தச் சூழலில்தான் 1866ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம், அதாவது ஜில்லா ரோடு செஸ் (தீர்வைக்கு மேல் விதிக்கும் கூடுதல் வரி) சட்டம் வந்தது. சாகுபடியிலுள்ள நிலத்தின் ஆண்டு வாடகை மதிப்பில் ரூபாய்க்கு அரை அணா (16 அணா ஒரு ரூபாய்) வரை விதித்து, அதைச் சாலை போடவும் செப்பனிடவும் செலவிடலாம் என்பது இதன் சாரம். ரயத்துவாரி நிலத்துக்கு, அதாவது குடியானவர் நேரடியாகச் சர்க்காருக்குத் தீர்வை கட்டும் நிலத்துக்கு, அந்தத் தீர்வையே வாடகை மதிப்பாகக் கொள்ளப்பட்டதால் கணக்கு எளிது. ஆண்டுக்கு 20 ரூபாய் தீர்வை கட்டுபவர் மேற்கொண்டு 10 அணா வரை கட்ட வேண்டும். அதற்கென்று தனி வசூல்காரர் வரவில்லை. தீர்வைத் தவணையான கிஸ்தியோடு சேர்த்து, ஊரின் வரி வசூல் அதிகாரியான மணியக்காரரே வசூலித்தார்.

1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் உச்ச விகிதத்தை ரூபாய்க்கு ஓர் அணாவாக உயர்த்தியதோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சுகாதாரம் ஆகியவற்றையும் அதே நிதியில் சேர்த்தது. மேற்சொன்ன குடியானவரின் பாரம் இப்போது 1 ரூபாய் 4 அணா வரை போகலாம். நிதியை நிர்வகித்த போர்டுக்குக் கலெக்டரே தலைவர். மற்றவர்கள் நியமனம் பெற்றவர்கள். கட்டியவருக்குத் தன் ஊருக்கு எந்தச் சாலை வேண்டும் என்று கேட்கும் வாய்ப்பு சட்டத்தில் இல்லை என்பதே இத்திட்டத்தின் பெரிய குறை என்பேன். 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சி போர்டு சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்று அடுக்குகளை ஏற்படுத்தியபோதும், நெடுங்காலம் தலைமை கலெக்டரிடமே இருந்தது. சேலத்து மிட்டாக்கள் என்ற ஜமீன் நிலங்களிலும், ஊத்துக்குளி, சமத்தூர் போன்ற பாளையப்பட்டுகளிலும் (பாளையக்காரர் நிலங்கள்) நில உடைமையாளர் செலுத்திய செஸ்ஸில் பாதியைக் குத்தகைக் குடிகளிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளவும் அச்சட்டம் இடம் கொடுத்தது.

செஸ் தவிர, சாலைகளில் வண்டிகளிடம் வாங்கிய சுங்கம், சந்தைகளைக் குத்தகைக்கு விட்ட பணம், சாலையோரப் புளியமரங்களின் மகசூல் ஏலம் ஆகியவையும் போர்டுக்கு வந்தன. நிழலும் தந்து ஆண்டுதோறும் காசும் தந்த அந்தப் புளியமரங்கள் போர்டுகள் செய்த நல்ல காரியங்களுள் ஒன்று. சாலையை அகலப்படுத்துவதற்காக அவற்றை வெட்டும்போது இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

பணம் இருந்தாலும் மண் ஒத்துழைக்க வேண்டும். அவிநாசி, ஈரோடு பக்கத்துச் சரளை மண்ணில் சாலை சுலபமாக நிற்கும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழைக்குப் பின் வண்டிச் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். அங்கே ஜல்லியைக் கொண்டுவந்து கொட்டிக் கெட்டிக்க வேண்டியிருந்தது. இரும்புப் பட்டை கட்டிய ஒடுங்கிய சக்கரங்கள் அந்த ஜல்லித் தளத்தையும் உழுதுவிடும் என்பதால், புதிதாகப் போடுவதைப் போலவே செப்பனிடுவதும் ஓயாத செலவாக இருந்தது.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சாலைப் பணிக்கு வேறொரு முகம் வந்தது. மண் சுமப்பதும் கல் உடைப்பதும் நிவாரண வேலைகளாயின. 1877இல் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தபோது, நாள் முழுவதும் வேலை செய்த ஆணுக்குக் கிடைத்தது ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1871இல் 19 லட்சத்துக்கு மேல் இருந்து, 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாகச் சரிந்தது. அந்த ஆண்டுகளில் நீண்ட சாலைகளின் மைல் கணக்கை வளர்ச்சி என்று மட்டும் எழுதுவது நியாயமாகாது.

பலன் சமமாகப் போய்ச் சேரவும் இல்லை. இரயில் நிலையம், கச்சேரி (சர்க்கார் அலுவலகம்), சந்தை ஆகியவற்றை நோக்கிய சாலைகளுக்கு முதலிடம் கிடைத்தது. இன்றுவரை இரயில் எட்டாத தாராபுரம், காங்கேயம், கோபிசெட்டிபாளையம் போன்ற ஊர்களுக்கு அந்தச் சாலைகளே உயிர்நாடி. அவற்றிலிருந்து விலகியிருந்த சிற்றூர்கள் செஸ்ஸைக் கட்டிக்கொண்டே இட்டேரியில் நடந்தன.

பேருந்தும் லாரியும் வந்தபின் வருமானத்தின் வழி மாறியது. 1929இல் பெட்ரோலுக்குக் காலனுக்கு 2 அணா கூடுதல் தீர்வை விதித்து மத்திய சாலை நிதி அமைக்கப்பட்டது. 1931இல் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் சாலைச் சுங்கத்தை ஒழித்தது. சுங்கம் என்ற பெயர் மட்டும் கோவை திருச்சி ரோட்டில் நிற்கிறது. 1946இல் பொதுப்பணித் துறையிலிருந்து நெடுஞ்சாலைத் துறை தனியாகப் பிரிந்தது.

நிலத்தின் மீதான செஸ் மட்டும் மறையவில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி நிலவரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் தலவரியாக (உள்ளூர் செஸ்) விதிக்கப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் கிஸ்து கட்டுபவர்கள் நிலவரியோடு அதையும் சேர்த்தே செலுத்துகிறார்கள்.