சொல் விளக்கம்: ஏர்லி அக்சஸ்

2021ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டில், அக்காவின் மகனும் நானும் பல மாலைப்பொழுதுகளை எறும்புகளுக்கு நடுவே கழித்தோம். கணினித் திரையில்தான். ஒப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய ‘கிரவுண்டெட்’ என்னும் விளையாட்டில், எறும்பளவுக்குச் சுருங்கிப்போன நான்கு பதின்ம வயதினர் ஒரு வீட்டு வளவுக்குள் உயிர்தப்பி வாழ வேண்டும். புல்லைத் தறித்துச் சுவர் எழுப்ப வேண்டும். புல் நுனியில் தொங்கும் பனித்துளியை வீழ்த்தித் தாகம் தீர்க்க வேண்டும். அசுவுணியைப் பிடித்துச் சுட்டுத் தின்ன வேண்டும். இரவில் ஓநாய்ச் சிலந்தி இரை தேடும் வழியில் நிற்காதிருக்க வேண்டும். கதையின் ஒரு கட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு அப்பால் கதையே இல்லை என்பது தெரிந்தது. எதையேனும் தவறவிட்டுவிட்டோமா என்று மருமகனைக் கேட்டேன். “இல்லை மாமா, இது ஏர்லி அக்சஸ். இன்னும் முடியேல்லை” என்றான்.

அவன் அடுத்தடுத்துச் சொன்ன இரண்டும் ஒரே செய்திதான். ஆயினும் ஆங்கிலத்தில் சொன்னது எங்களுக்கு ஏதோ சலுகை கிடைத்திருப்பதைப்போல ஒலித்தது. தமிழில் சொன்னது உள்ளபடியான நிலையைச் சொன்னது. இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடத் தொடங்கியபோது என் மனத்தில் நின்றது இந்த வேறுபாடே.

முதலில் பொருளைப் பார்ப்போம். உருவாக்கும் பணி முடிவடையாத ஒரு விளையாட்டை, முடியவில்லை என்று அறிவித்துக்கொண்டே விற்பனைக்கு விடுவதும், வாங்கியவர்கள் அதை விளையாடிக் குறை நிறைகளைச் சொல்லிக்கொண்டிருக்கையில் மீதிப் பணியைத் தொடர்ந்து செய்வதும், இறுதியில் முழுமையான பதிப்பை மேலதிகக் கட்டணமின்றி அவர்களுக்கே கொடுப்பதும் சேர்ந்த வெளியீட்டு முறைக்கு ‘ஏர்லி அக்சஸ்’ என்று பெயர். இந்தப் பெயரில் ஒரு தனிப் பிரிவை, கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளம் 2013 மார்ச்சில் திறந்த பின்னரே இது நிலைத்த கலைச்சொல்லானது. நடைமுறை அதற்கு முந்தியது. மைன்கிராஃப்ட் விளையாட்டு 2009ஆம் ஆண்டிலேயே அரைகுறை நிலையில் விற்கப்பட்டு, 2011 நவம்பரில்தான் முழுமையாக வெளிவந்தது. அப்போது அதற்கு ‘அல்பா’, ‘பீட்டா’ என்ற கிரேக்க எழுத்துப் பெயர்களே வழங்கின. மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுத் தளம் ஏறக்குறைய இதே முறையை ‘கேம் பிரிவியூ’ என அழைக்கிறது. ஆகவே 2020 ஜூலை 28ஆம் திகதி கிரவுண்டெட் வெளிவந்தபோது, ஒரே பொருள் ஒரு கடையில் ‘ஏர்லி அக்சஸ்’ என்றும் மற்றொரு கடையில் ‘கேம் பிரிவியூ’ என்றும் விற்கப்பட்டது. பெயர் வைப்பது விற்பவரின் வசதியைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சொற்பிறப்பு எளிது. ‘ஏர்லி’ என்பதன் வேர் பழைய ஆங்கிலத்தில் ‘முன்’ என்ற பொருள் தரும் சொல். ‘அக்சஸ்’ இலத்தீன் மூலத்தது. ‘நோக்கி’ என்ற முன்னொட்டும் ‘செல்’ என்ற வினையும் சேர்ந்து ‘நெருங்கிச் செல்லுதல்’ என்ற பொருளைத் தந்தன. பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தபோது, காய்ச்சல் வந்து தாக்குவதையும் இதே சொல்லால் குறித்தார்கள். அணுகுவது மனிதனாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம் அல்லவா! இன்றைய பொருள் நுழைவுரிமை என்பதாகும். இந்தத் தொடரின் இரு பாதிகளும் வாங்குபவரைப் பற்றியே பேசுகின்றன என்பதை இங்கே கவனிக்க வேண்டும்: அவர் நுழைகிறார், மற்றவர்களுக்கு முன்பாக நுழைகிறார். பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்வதுபோல, ஸ்டீம் தளம் இத்தகைய ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் ஓர் அறிவித்தலை வைத்திருக்கிறது; இது முழுமையானது அன்று, மேலும் மாறலாம் அல்லது மாறாமலும் போகலாம், தற்போதைய நிலையில் விளையாட விருப்பமில்லையேல் பொறுத்திருப்பது நல்லது என்பது அதன் சாரம். பெயர் சொல்லாமல் விட்டதை அறிவித்தல் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழில் கண்ணில் படும் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் அந்தக் குறையையும் சேர்த்தே கொண்டுவருகின்றன. ‘ஆரம்ப அணுகல்’ என்பது இயந்திர மொழிபெயர்ப்பின் முகச்சாயல் கொண்டது. முதன்முறை அணுகுவது என்றே அதற்குப் பொருள் கொள்ளத் தோன்றும். ‘முந்தைய அணுகல்’ பிழையே; முன்னர் இருந்து இப்போது இல்லாத அணுகலைத்தான் அது குறிக்கும். ‘முன்கூட்டிய அணுகல்’, ‘முன்னணுகல்’ ஆகிய இரண்டும் இலக்கணத்துக்கு ஒத்தவை, மூலத்துக்கும் நேர்மையானவை. ஆனால் கோண்டாவில் சந்தியில் நின்று ஒருவரிடம் “இந்த விளையாட்டு முன்னணுகலில் இருக்கிறது” என்று சொன்னால், அவருக்கு விளங்கப்போவது என்ன? ‘முன்னோட்டம்’ எனலாமா என்றால், திரைப்படத்தின் முன்னோட்டக் காட்சிக்கு அந்தச் சொல் ஏற்கனவே குடிபோய்விட்டது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போவதற்கும் இரண்டு ஆண்டு விளையாடுவதற்கும் ஒரே பெயர் பொருந்தாது.

ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம் என்போரும் உண்டு. அதை நான் இழிவாகக் கருதவில்லை. மானிப்பாயில் தமிழில் மேலைத்தேய மருத்துவம் கற்பித்து, அதற்கெனக் கலைச்சொற்களை உருவாக்கிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் வைத்தியரே, வேதியியல் நூல் ஒன்றுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டவர்தாம். சொல் கிடைக்காத இடத்தில் ஒலியைக் கடன் வாங்குவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. ஆனால் இங்கே சொல் கிடைக்காமல் இல்லை. ஊரிலேயே இருக்கிறது, இரண்டு இருக்கின்றன.

ஒன்று வீட்டோடு தொடர்புடையது. பிற இடங்களில் குடிபுகுதல் என்பதை நாங்கள் குடிபூரல் என்போம். எல்லா வேலையும் முடிந்த பிறகே குடிபூருவது என்றால் யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் விளக்கு எரியாது. இரண்டு அறைக்கும் குசினிக்கும் கூரை போட்டவுடன் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, சுவர் பூசுவதையும் நிலத்துக்குச் சீமெந்து இடுவதையும் வெளிநாட்டிலிருந்து அடுத்த காசு வரும்வரை தள்ளிவைப்பது வழக்கம். வீட்டிலிருந்துகொண்டே மேசனிடம் “இந்தப் பக்கம் யன்னல் வைத்தால் நல்லது” என்று சொல்கிறோமே, அது ஏர்லி அக்சஸ் விளையாட்டுக்காரர் உருவாக்குநருக்குச் சொல்லும் கருத்தேதான். ஒப்புமை கச்சிதமானது. ஆயினும் குடிபூரல் என்பது மங்கலச் சடங்கின் பெயராக ஆழ ஊன்றிவிட்டது. அதைப் பெயர்த்தெடுத்து விற்பனைத் தளத்தில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மற்றொன்று வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால், சுவாமியை ஏற்றுவதற்கு முன்னர் ஒரு நாள் வெறுந்தேரை இழுத்துப் பார்ப்பார்கள். வடம் பிடிப்போர் பிடிப்பார்கள். வீதியில் சனம் கூடும். தேர் செய்த ஆசாரியாரோ கூட்டத்தைப் பாராமல் சில்லையும் அச்சையுமே பார்த்துக்கொண்டு கூட நடப்பார். எந்தத் திருப்பத்தில் தேர் சாய்கிறது, எங்கே அச்சு முனகுகிறது, முட்டுக்கட்டை போட்டால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அன்றுதான் தெரியும். புதிய கப்பலை முதன்முதல் கடலில் விட்டுப் பார்ப்பதற்கும் இதே சொல் உரியது. ‘வெள்’ என்ற அடிக்கு வெண்ணிறம் என்பதோடு வெறுமை என்ற பொருளும் உண்டு. எழுதப்படாத ஓலை வெள்ளோலை. எதுவும் மறைக்காத வெட்டவெளி வெள்ளிடை, அதில் நிற்கும் மலைதான் நாம் சொல்லும் வெள்ளிடைமலை. திருக்குறளின் புல்லறிவாண்மை அதிகாரத்தில் வரும் ‘வெண்மை’ அறிவின்மையைக் குறிப்பதும் இந்த வெறுமை வழிதான். ஆகவே வெள்ளோட்டம் என்பது ஏற்ற வேண்டியதை ஏற்றாத ஓட்டம். பார்ப்பவர் எவரும் அதைத் திருவிழா என்று மயங்கமாட்டார். ஆங்கிலத் தொடர் மறைத்த செய்தியைத் தமிழ்ச்சொல் முதலசையிலேயே சொல்லிவிடுகிறது.

குறை ஒன்று உண்டு. வெள்ளோட்டத்துக்கு யாரும் காசு கொடுத்து வருவதில்லை. ஒரு நாளில் அது முடிந்தும்விடும். ஏர்லி அக்சஸ் விளையாட்டோ விற்கப்படுகிறது, ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. பல்டூர்ஸ் கேட் வரிசையின் மூன்றாம் விளையாட்டு 2020 அக்டோபரிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை அந்த நிலையில் இருந்தது. எனவே வெறும் ‘வெள்ளோட்டம்’ என்பதை, வெளியீட்டுக்கு முன் பயனர் சிலரிடம் கொடுத்துப் பார்க்கும் பீட்டா சோதனைக்கு விட்டுவிட்டு, ஏர்லி அக்சஸ் என்பதற்கு ‘வெள்ளோட்ட வெளியீடு’ என்ற தொடரைப் பயன்படுத்தலாம் என்பது என் துணிபு. முதற்சொல் பணி முடியவில்லை என்கிறது. இரண்டாம் சொல், ஆயினும் விற்பனைக்கு விட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொள்கிறது.

இதற்குத் துணையாக நம் இலக்கணத்திலிருந்து இன்னொரு சொல்லையும் அழைத்துக்கொள்ளலாம். மென்பொருள் பிழையை ஆங்கிலத்தில் ‘பூச்சி’ என்று பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். பூச்சிகளே கதைமாந்தராய் இருக்கும் விளையாட்டில் அதைத் தமிழில் அப்படியே சொன்னால் எந்தப் பூச்சி என்று கேட்க நேரும். தமிழ்க் கணிமையில் வழங்கும் ‘வழு’ என்பது இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதோடு, பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வழாநிலை, வழு, வழுவமைதி என்ற மூன்றையும் நினைவூட்டுகிறது. பிழைதான் என்று தெரிந்தும் காரணம் கருதி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. வெள்ளோட்ட வெளியீடு ஒன்றை வாங்குபவர் தெரிந்தே செய்வது அதைத்தான். ஆனால் அமைதி கொள்வதற்கு ஓர் எல்லையும் வேண்டும். பெயர் குறிப்பிட விரும்பாத வேறொரு விளையாட்டை நானும் மருமகனும் இவ்வாறு வாங்கி, ஓராண்டு பொறுத்து, பின்னர் அதைச் செய்தவர்கள் சத்தமில்லாமல் கைவிட்டுப் போனதை அறிந்தோம். அது வழுவமைதி அன்று, வழு.

கிரவுண்டெட் அவ்வாறு கைவிடப்படவில்லை. மாறிமாறி வந்த புதுப்பிப்புகளில் வளவு விரிந்தது; 2021 ஜூன் இறுதியில் வந்த புதுப்பிப்பில் பெருந்தாய்ச் சிலந்தி சேர்ந்தது; 2022 செப்டெம்பர் 27ஆம் திகதி கதை முழுமை பெற்று வெளிவந்தது. சிலந்தியைக் கண்டு நடுங்குவோருக்காக அதன் கால்களைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் மிதக்கும் உருண்டைகளாக்கிவிடும் தெரிவும் அதில் உண்டு. (நான் அதைப் பயன்படுத்தினேன். மருமகன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்.)

விளையாட்டின் பெயரையும் ஒரு வார்த்தையில் தொட்டுச் செல்கிறேன். ‘கிரவுண்டெட்’ என்பது நிலத்தோடு நிலமாய் இருத்தலையும், குற்றம் செய்த பிள்ளையை வெளியே போகவிடாமல் பெற்றோர் வீட்டில் மறிப்பதையும் ஒருங்கே குறிக்கும் சிலேடை. அதைத் தமிழாக்க முயல்வது வீண். ஆனால் கதை நிகழும் இடத்துக்குத் தமிழகத்து நண்பர்கள் ‘கொல்லைப்புறம்’ என்பதையும் நாம் ‘வளவு’ என்பதையும் குறிப்பிட வேண்டும். வளைத்து அடைத்த நிலம் வளவு. வேலி என்ற கருத்து சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கூட்டிப் பெருக்கிய எங்கள் செம்மண் முற்றத்தில் அந்த விளையாட்டின் புற்காட்டுக்கு இடமில்லை. அத்தகைய காடு வேண்டுமென்றால் வேலிக்கு நட்ட கிளுவைக் கதியால் வரிசையின் அடிக்குத்தான் போக வேண்டும். முசுறுகளும் மயிர்க்கொட்டிகளும் அங்கே எவருடைய புதுப்பிப்புக்கும் காத்திராமல் முழுமையாகவே இருக்கின்றன.

இனி வழக்கு. “கிரவுண்டெட் ஈராண்டுக்கும் மேலாக வெள்ளோட்ட வெளியீட்டில் இருந்து, 2022இல் முழு வெளியீடு கண்டது” எனலாம். “வெள்ளோட்ட வெளியீடாகவே வாங்கினேன்” எனலாம். அதன் இரண்டாம் பாகம், பூச்சிகளின் மேல் ஏறிச் செல்லும் வசதியோடு, 2025 ஜூலை 29ஆம் திகதி இதே முறையில் வந்தது. அன்று நான் என் சொல்லை மருமகனிடம் சொல்லிப் பார்த்தேன். நீளம் அதிகம் என்று பின்பாதியை வெட்டிவிட்டான். இப்போது வாங்கலாமா, பொறுக்கலாமா என்று கேட்டதற்கு அவன் சொன்ன விடையில் ஆங்கிலம் இருக்கவில்லை: “வெள்ளோட்டம்தானே மாமா, சில்லு நிற்குதோ எண்டு பாத்திட்டு ஏறுவம்.”