பட்டியா, மக்கா?

பழைய தேக்கு மேசையில் ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைக்க, கடையில் போய் 'பட்டி' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் சுவருக்குப் பூசுகிற வெள்ளை மாவுதான் கைக்கு வரும். அதை மரத்தில் வைத்து மேலே சாயம் அடித்தால் வெள்ளைத் திட்டு பல்லிளிக்கும்.

இந்தப் பட்டிக்கும் மாட்டுப்பட்டிக்கும், உசிலம்பட்டிக்கும் ஒரு உறவும் இல்லை. இது ஆங்கிலத்திலிருந்து வந்தது, அங்கே போனதோ பிரெஞ்சிலிருந்து. பிரெஞ்சில் 'பொத்தே' என்றால் ஒரு பானை நிறைய உள்ளது. அப்புறம் கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் மெருகேற்றும் பொடிக்கு அந்தப் பெயர் வந்து, ஆங்கிலத்துக்குப் போனபின் சுண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து ஜன்னல் கண்ணாடி பதிக்கிற பசைக்கும் ஒட்டிக்கொண்டது. நம்மூரில் சுவர், கார் கதவு என்று போய், முகத்துக்கு மேக்கப் போட்டால்கூட 'பட்டி டிங்கரிங்' என்று கிண்டலடிக்கிற அளவுக்குச் சொந்தமாகிவிட்டது. சுவருக்கு அப்படியே இருக்கட்டும்.

மரத்துக்கு 'மக்கு' என்று நல்ல சொல் இருக்கிறது. (மக்கிப்போகிற குப்பை, படிப்பு ஏறாத பிள்ளையைத் திட்டுவது, எல்லாவற்றுக்கும் இதே எழுத்துதான், பாவம்.) கூடவே மரத்துக்கு நிறமேற்றுகிற ஸ்டெயின் என்பதை அகராதியைப் பார்த்துக் 'கறை' என்று எழுதுகிறார்கள், அது சட்டையில் படுவது, இங்கே சாயம் என்பதுதான் சரி, ஏனென்றால் பெயின்ட் மேலே படிந்து மூடுகிறது, சாயம் துணியில் ஏறுவதுபோல இழைக்குள் இறங்குகிறது.

நிறம் சேராத தொல்லையும் இதனால்தான். மக்கில் இருக்கும் பிசின் மரத்தின் துளைகளை அடைத்துவிடும், அங்கே சாயம் இறங்காது. மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்து வைப்பதிலும் இதே கதை, பசை வழிந்த ஓரமும் சேர்ந்து தனியாகத் தெரியும். 'சாயம் ஏற்கும்' என்று டப்பாவில் போட்டிருந்தாலும் மரம் குடிக்கிற அளவுக்கு அது குடிக்காது.

அதனால் முதலில் அதே மரத்தின் துண்டு ஒன்றில் சாயம் ஏற்றி, வார்னிஷும் அடித்துக் காயவிட்டு, அந்த நிறத்துக்கு மக்கைக் காவிப்பொடியோ பழுப்புப்பொடியோ கலந்து பிசையுங்கள். சாயம் ஏற்றாத வெறும் மரத்தின் நிறத்துக்குப் பிசைந்தால் வீண். மேடாக வைத்து, நன்றாகக் காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள், ஆனால் அந்த இடத்தை மட்டும் இல்லை, பலகை முழுக்க ஒரே நம்பர் தாளில், இல்லாவிட்டால் சொரசொரப்பான பக்கம் கூடுதலாகக் குடித்துக் கறுத்துவிடும்.

ஏற்கனவே திட்டு விழுந்துவிட்டதா? திரும்பச் சுரண்ட வேண்டாம். அரக்கு பாலிஷில் கொஞ்சம் நிறப்பொடி கலந்து, மெல்லிய தூரிகையால் திட்டின் மேல் ரேகைகளை இழை ஓடுகிற திசையில் வரைந்து, காய்ந்ததும் மேலே ஒரு கை பாலிஷ் போடுங்கள். இந்த வேலையைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள், டியூப் லைட்டில் சேர்ந்த நிறம் காலையில் வேறாகத் தெரியும்.